இரண்டாம் முறையும் வந்த தூதர்



இன்றைய முதல் வாசகம் அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. இதற்கு முந்தைய அதிகாரம் மறைக்கல்வி வகுப்புக்குப் போன எல்லாருக்கும் மனப்பாடம். கார்மேல் மலை. ஒரு பக்கம் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேர், எதிரே எலியா ஒற்றை ஆள். வானத்திலிருந்து நெருப்பு இறங்குகிறது. நீண்ட பஞ்சம் முடிந்து மழை கொட்டுகிறது. ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் நாடகம் போட்டால் இந்தக் காட்சியைத்தான் போடுவார்கள், மழைச் சத்தத்தோடு திரை விழுந்துவிடும்.

விவிலியம் அங்கே திரையைப் போடவில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயேர்செபாவரை கூட வந்த பணியாளரை அங்கேயே விட்டுவிட்டு, தன்னந்தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அதற்கு அவர் சொல்கிற காரணம், தம் முன்னோரைவிடத் தாம் ஒன்றும் மேலானவர் இல்லை என்பது. அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்டவர் வாயில் இந்தப் பேச்சு. எல்லாம் மாறிவிட்டது என்று நம்பியிருந்தேன், கடைசியில் நான் பழைய ஆள்தான் என்கிறார்.

இந்தப் பேச்சை இதே வருத்தத்தோடு சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி சொல்லக் கேட்டேன். அவருடைய அனுமதி வாங்கிக்கொண்டுதான் இன்று பேசுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். யாரென்று தேடிப் பார்க்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு 112 கிலோ எடை இருந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி எல்லாம் இருந்தன. இரவில் படுத்தால் மூச்சு முட்டும். பத்து வருடம் எல்லா உணவுக் கட்டுப்பாட்டையும் செய்து பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்து எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போல நீளக் குழாயாகத் தைத்துவிடுகிற சிகிச்சை. ஒன்றரை வருடத்தில் 71 கிலோவுக்கு வந்தார். சர்க்கரை மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். அந்த வருடம் நம் திருவிழாத் தேர்ப்பவனியில் முழுத்தூரமும் நடந்தார். எல்லாரும் பார்த்து அதிசயித்தோம். அது அவருடைய கார்மேல் மலை.

நான்கு வருடம் போனது. எடை கொஞ்சம் கொஞ்சமாக 89-க்கு ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். நான் சிரித்துக்கொண்டே, “என்னம்மா, மறுபடியும் பழைய ஆளா ஆயிட்டீங்களே” என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவரைக் கோவிலில் பார்க்கவில்லை.

அன்பியக் கூட்டத்துக்கு அந்தத் தெருவுக்குப் போனபோது அவர் வீட்டுக்கதவைத் தட்டினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மேய்ப்பர் தம் ஆட்டை வாசலில் நின்றே விரட்டிவிட்டார் என்பது இலேசான விஷயம் இல்லை. அவர் அழுதார். “நீங்க சொன்னது தப்பில்லை ஃபாதர், நான் தோத்துப்போயிட்டேன். ஆண்டவர் ஒரு வழி காட்டினார், அதையும் பாழாக்கிட்டேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நன்மை வாங்க வர்றது?” என்றார்.

பிறகு மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வெளியே வந்தது. எடை பார்க்கும் இயந்திரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மருத்துவமனை ஃபைல் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. 14 மாதமாக மருத்துவரிடம் போகவில்லை. “போனா என்ன சொல்வாங்க? இவ்வளவு செலவு பண்ணி எல்லாம் செஞ்சு கொடுத்தோமேன்னு கேட்பாங்க.” வாழ்நாள் முழுக்கச் சாப்பிடச் சொன்ன சத்து மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். பாதம் இரண்டும் மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, சர்க்கரை திரும்பி வந்துவிட்டது போல, அதைத் தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது என்றார்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. ஏறிய 18 கிலோவைவிட அந்த வெட்கம் அவருக்கு அதிகக் கேடு செய்துகொண்டிருந்தது. மருத்துவரிடம் போக விடாமல் தடுத்தது வெட்கம். மாத்திரையை நிறுத்த வைத்தது வெட்கம். நற்கருணையிலிருந்து அவரைப் பிரித்ததும் அதுதான். அந்த வெட்கத்தில் என் பங்கும் இருந்தது.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனாலும் இவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், இந்தத் துறையில் அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோது என் வாசல் சிரிப்பு எனக்கே நெஞ்சில் குத்தியது. உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்போது பல பங்குகளில் இருக்கிறார்கள்.

நம் இரைப்பையின் மேற்பகுதியில் பசியைத் தூண்டுகிற ஒரு சுரப்பு உண்டாகிறது. க்ரெலின் என்று அதற்குப் பெயர். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படுகிற பகுதியிலேயே அது அதிகமாகச் சுரப்பதால், முதல் வருடம் பசி வெகுவாக அடங்கிவிடுகிறது. காலம் போகப் போக உடல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பசி கொஞ்சம் திரும்புகிறது, மிச்சம் வைத்த இரைப்பையும் கொஞ்சம் நெகிழ்கிறது. அதோடு, எடை குறைந்த உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. முன்பைவிடக் குறைந்த உணவிலேயே காலம் தள்ளப் பழகி, இழந்த கொழுப்பை மறுபடி சேர்த்து வைக்கப் பார்க்கிறது. பஞ்சம் கண்ட நம் முன்னோர் பிழைக்க இந்தக் குணம் உதவியிருக்கலாம். உயிரைக் காக்கக் கடவுள் வைத்த ஏற்பாடு அது. அந்தச் சகோதரி வேண்டுமென்று எடையை ஏற்றிக்கொள்ளவில்லை.

சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை என்ற இன்னொரு வகை அறுவை சிகிச்சை செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்து வருடம் கழித்து அது 25 சதவீதமாக நின்றது. அதாவது 100 கிலோ இருந்த ஒருவர் 68-க்கு வந்து, பிறகு 75-க்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சராசரிக் கணக்கு. சிலருக்கு இதைவிட அதிகமாகவே ஏறும். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கொஞ்சம் எடை திரும்பிய பிறகும், சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு, செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. எல்லாம் பாழாகிவிட்டது என்று அந்தச் சகோதரி சொன்னது உண்மை இல்லை. 112-இல் இருந்தவர் 89-இல் இருந்தார். 23 கிலோ இன்னும் திரும்பி வரவே இல்லை. அதை எண்ணிப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

“சரி ஃபாதர், ஆனா போசனப்பிரியம் பாவம்தானே?” என்று சிலர் மனதுக்குள் கேட்பீர்கள். அவரும் கேட்டார். தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்று என்று நாம் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அந்த ஏழையும் வகைப்படுத்திய பாப்பரசர் பெரிய கிரகோரியார் போசனப்பிரியத்துக்கு ஐந்து வழிகளைச் சொல்கிறார்: நேரத்துக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, பக்குவத்தில் அளவுக்குமீறி நுணுக்கம் பார்ப்பது, அளவுக்குமீறி உண்பது, பேராவலோடு விழுங்குவது. புனித தாமஸ் அக்குவினாசும் இதையே எடுத்து விளக்குகிறார். ஐந்தில் எதுவும் உடம்பின் சுற்றளவைப் பற்றிப் பேசவில்லை. தாமஸ் அக்குவினாசே பருத்த உடம்புக்காரர் என்றுதான் திருச்சபை மரபு அவரை நினைவுகூர்கிறது. ஒல்லியாக இருந்துகொண்டு சாம்பாரில் உப்பு குறைந்ததற்காக மனைவியை அழவைக்கிறவரிடம் போசனப்பிரியம் இருக்கலாம். எடை ஏறிய ஒருவர் ஒரு வேளைச் சோற்றுக்காக மணிக்கணக்கில் தன்னோடு போராடிக்கொண்டிருக்கலாம். தராசைப் பார்த்துப் பாவத்தை அளக்கிற அதிகாரத்தை ஆண்டவர் நம்மில் யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது எலியாவிடம் திரும்பி வாருங்கள். சூரைச்செடியின் அடியில் அவர் தூங்கிப்போகிறார். வானதூதர் வந்து தட்டி எழுப்புகிறார். என்ன செய்தியோடு வந்தார்? கார்மேலில் அவ்வளவு செய்து காட்டினோமே, அதற்குள் இப்படி ஓடி வந்துவிட்டாயே என்று கேட்கவில்லை. எழுந்து சாப்பிடச் சொன்னார், அவ்வளவுதான். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பப் படுத்துக்கொண்டார்.

கவனியுங்கள், திரும்பப் படுத்துக்கொண்டார். தூதர் ஊட்டிய பிறகும் எழுந்து நடக்கவில்லை. அப்போதும் ஆண்டவர் அவரைக் கைவிட்டுவிடவில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்தார். அதே போலத் தட்டினார், அதே போலச் சாப்பிடச் சொன்னார். போக வேண்டிய தூரம் உனக்கு அதிகம் என்று காரணத்தையும் அன்போடு சொன்னார். முதல் உதவி வீணானதே என்ற கணக்கு அவரிடம் இல்லை.

அந்தச் சகோதரியிடம் இந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டினேன். அறுவை சிகிச்சை முதல் அப்பம். சாப்பிட்டீர்கள், பலன் கிடைத்தது, பிறகு களைத்துப் படுத்துவிட்டீர்கள். இது இரண்டாம் தட்டு என்றேன்.

தூதர் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். எடை ஏறியவர்கள் முதலில் தங்களுக்குக் கொடுத்துக்கொள்கிற தண்டனை பட்டினிதான். காலையும் மதியமும் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, மாலையில் தலைசுற்றும்போது டீயில் நனைத்த பிஸ்கட், மிக்சர், ஒரு கிண்ணம் பாயசம் என்று போகும். இறுக்கமான இரைப்பைக்குள் ஒரு முட்டையும் ஒரு துண்டு மீனும் மெதுவாகத்தான் போகும், வயிறு நிரம்பிய உணர்வு உடனே வரும். ரோஸ்மில்க்கும் ஐஸ்கிரீமும் குழைந்த தயிர்சாதமும் தடையில்லாமல் வழுக்கிப் போய்விடும். இந்தச் சகோதரிக்கு நடந்தது இதுதான். நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததாகவே அவர் நினைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது அவர் கணக்கில் வரவே இல்லை.

நல்ல அப்பத்தைச் சாப்பிடச் சொல்கிறார் ஆண்டவர். மருத்துவர்கள் சொல்வதும் ஏறத்தாழ அதுவே: வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பன்னீர் போன்ற புரதத்தை முதலில் சாப்பிட்டு, அடுத்து காய், கடைசியில் சோறு. நன்றாக மென்று சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். எலியா தூங்கினாரே, அப்படித் தூங்குங்கள், தூக்கம் கெட்டால் பசி கூடும். சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தச் சகோதரியின் பாதம் மரத்துப்போனதற்குக் காரணம் சர்க்கரை இல்லை, பி12 சத்துக் குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, முக்கியமாக மாற்றுவழிச் சிகிச்சைக்குப் பிறகு, மது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும், எளிதில் அடிமைப்படுத்தும். உணவில் தேடிய ஆறுதலைப் பாட்டிலில் தேடப் போய்ச் சிக்கியவர்கள் உண்டு. அப்படி யாராவது இங்கே இருந்தால் என்னிடம் பேசுங்கள், உங்கள் மருத்துவரிடமும் மறைக்காமல் பேசுங்கள்.

எலியா அந்த உணவின் வலிமையால் 40 பகலும் 40 இரவும் நடந்து ஓரேபு மலைக்குப் போகிறார். இன்றைய வாசகம் அங்கே நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தின் மீதியையும் வாசியுங்கள். மலையில் ஆண்டவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இங்கே உனக்கு என்ன வேலை? அதையும் இரண்டு முறை கேட்கிறார். பிறகு, வந்த வழியே திரும்பிப் போகச் சொல்கிறார். ஓடி வந்தவருக்கு அந்த வழியில் நடப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

எடை ஏறியவர்களும் அப்படித்தான். பழைய மருத்துவரைத் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் போவார்கள். பொடி, லேகியம், கைப்பேசி விளம்பரத்தில் வருகிற மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். உங்கள் உடம்பை உள்ளே திறந்து பார்த்த மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். அவர் எண்டோஸ்கோபி செய்து இரைப்பையின் நிலையைப் பார்ப்பார். தைராய்டு குறைவா, வேறு நோய்க்குச் சாப்பிடுகிற மாத்திரை எடையை ஏற்றுகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். சிலருக்கு உணவு ஆலோசனையே போதும். சிலருக்கு இப்போது வந்திருக்கிற ஊசி மருந்துகள் உதவும், அதையும் மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். மிகச் சிலருக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அவர் கண்டிப்பார் என்று பயந்தால், ஒரு தடவை கண்டிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாதத்து நரம்பைவிட அது பெரிதில்லை.

ஓரேபில் ஆண்டவர் எலியாவுக்கு ஒரு துணையையும் கொடுக்கிறார். பணியாளரைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவரிடம், எலிசாவைப் போய்த் திருப்பொழிவு செய் என்கிறார். நான் ஒருவன்தான் மிச்சம் என்று புலம்பியவரிடம், உன்னைப் போல 7,000 பேரை வைத்திருக்கிறேன் என்கிறார். தனியாக இருக்கிறேன் என்று நினைப்பதுதான் பாலைநிலத்தில் வருகிற பெரிய மயக்கம்.

அந்தச் சகோதரிக்குக் கிடைத்த எலிசா, அவருடைய அன்பியத்திலிருக்கும் இரண்டு பெண்கள். காலைத் திருப்பலி முடிந்ததும் மூன்று பேரும் கெபியைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிறார்கள். செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கிற நாளும் உண்டு, வீட்டுக்கதை பேசிக்கொண்டு நடக்கிற நாளும் உண்டு. மருத்துவமனைக்கு முதல் தடவை திரும்பப் போனபோது அவர்களில் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். ஏழு மாதம் ஆகிறது. இன்று அவர் எடை 84. பழையபடி 71-க்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது. வராமல் போகலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். பாதத்தில் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. ஞாயிறு தவறாமல் நன்மை வாங்குகிறார்.

கடைசியாக, இதில் சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற நம் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. இன்றைய நற்செய்தியில் மக்கள் இயேசுவைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். இவன் யோசேப்பின் மகன்தானே, இவனுடைய தாயும் தந்தையும் நமக்குத் தெரியாதவர்களா என்கிறார்கள். ஒருவரைப் பழைய அடையாளத்துக்குள்ளேயே பூட்டிவைக்கிற பேச்சு இது. வாசலில் நான் பேசியதும் இதே பேச்சுதான். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் மனக்கசப்பையும் பழிச்சொல்லையும் நீக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் பரிவு காட்டச் சொல்கிறார்.

நம் கல்யாண வீடுகளில் என்ன நடக்கிறது? இலையில் உட்கார்ந்தவரிடம், “ஒரே ஒரு ஜாங்கிரிதானே, என்ன ஆயிடப்போகுது, எனக்காகச் சாப்பிடுங்க” என்று வற்புறுத்தி வைப்போம். அவர் கைகழுவப் போனதும், “ஆபரேஷன் பண்ணியும் வாயைக் கட்ட முடியலை பாத்தியா” என்போம். இரண்டையும் சொன்னது ஒரே வாய், இன்னும் சற்று நேரத்தில் ஆண்டவருடைய திருவுடலை வாங்கப்போகிற அதே வாய். அடுத்த மாதத் திருவிழா அசனத்தில் பரிமாறப்போகிற இளைஞர்களே, வேண்டாம் என்று கைகாட்டுகிறவருக்கு மேலே மேலே வைக்காதீர்கள். கொஞ்சமாகக் கேட்கிறவருக்குக் கொஞ்சமாக வையுங்கள். காரணம் கேட்காதீர்கள். யாருடைய எடையைப் பற்றியும், ஏறினாலும் இறங்கினாலும், இந்தக் கோவில் வாசலில் இனி யாரும் பேச வேண்டாம். முதலில் நான் பேச மாட்டேன் என்று இந்தப் பீடத்தின் முன்னால் சொல்லிவிட்டேன்.

இன்னும் சில நாளில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புவீர்கள். இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒருசந்தி நேர்ந்துகொண்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வெயிலில் நடப்பதை மாதா கேட்கவில்லை. நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு என்பது திருச்சபையின் நடைமுறை. மருத்துவரைக் கேட்டுவிட்டு நடக்கக்கூடிய தூரம் மட்டும் நடங்கள். தூதர் எலியாவுக்கு முதலில் உணவைக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் நடக்கவிட்டார்.

பீரோவில் புடவைக்கு அடியில் மருத்துவமனை ஃபைலை ஒளித்து வைத்திருப்பவர்கள் இந்தக் கோவிலில் வேறு யாரேனும் இருக்கலாம். இந்த வாரம் அதை வெளியே எடுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் திருப்பலி முடிந்ததும் என்னிடம் எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். ஆமென்.